ஈ அறையும் அதன் மாணாக்கரும்

ஆசிரியன் உரைத்ததைப் பிழையறக் கேட்டு உளங்கொள்ளுதலே மாணாக்கனின் முதற்கடன் என்பது கீழைநாட்டாரும் மேலைநாட்டாரும் நெடுங்காலம் ஒருப்பட்டுப் போற்றிய கொள்கையாகும். நன்னூலார் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தி, அன்னம், ஆ முதலியவற்றை உவமை கூறியபோது அவர் கருதியது கேட்கும் மாணாக்கனையே. சொன்னதைச் சொல்லும் கிளியை அவர் இடைமாணாக்கர் வரிசையில் வைத்தார். ஆயின், ஆசிரியன் தானும் அறியாத ஒன்றைக் கண்டுவந்து அவன்முன் வைக்கவேண்டியவன் மாணாக்கன் என்னும் புதுக்கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேனாட்டுப் பல்கலைக்கழகங்களிலே வேரூன்றியது. அது வேரூன்றிய இடம் வகுப்பறையன்று, ஆய்வுகூடம்.

செர்மனி நாட்டின் கீசன் நகரிலே 1824 இல் பேராசிரியர் பதவியேற்ற லீபிக் என்னும் இரசாயன அறிஞர், மாணாக்கரைத் தம் ஆய்வுகூடத்தினுள் அழைத்து, ஒவ்வொருவரிடமும் விடை காணப்படாத ஒரு வினாவை ஒப்படைத்தார். அம்முறை பிற துறைகளுக்கும் பிற நாடுகளுக்கும் பரவியது. 1876 இல் அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் அதனைத் தன் அடிப்படையாகவே கொண்டது. பட்டம் பெற்ற இளைஞர் இருபதின்மருக்கு ஆண்டொன்றுக்கு 500 டொலர் வீதம் உதவிப்பணம் கொடுத்து, மேலும் கற்க வருமாறு அஃது அழைத்தது. கற்பவன் பணங்கட்டுவதே வழக்காயிருந்த உலகிலே, கற்பவனுக்குப் பணங்கொடுத்தல் சிறுமாற்றம் அன்று. இவ்வாறு தோன்றிய பட்டப்பின் மாணவன் ஆய்வுகூடத்துள் எவ்வாறு புகுந்தான், புகுந்தபின் அவனுக்குக் கிடைத்தது யாது, கிடையாது போனது யாது என்பனவற்றை ஓர் அறையின் வரலாறு கொண்டு காண்பது பயனுடைத்து. நியூயோர்க் நகரிலே கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1910 தொடக்கம் 1928 வரை ‘ஈ அறை’ என வழங்கப்பட்ட கூடமே அது.

அவ்வறைக்குத் தலைவராயிருந்தவர் தோமஸ் ஹன்ற் மோர்கன். 1866 இல் கென்ரக்கி மாநிலத்திற் பிறந்து, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற் கடற்சிலந்திகளை ஆராய்ந்து 1890 இற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பிரின்மோர் மகளிர் கல்லூரியிற் பதின்மூன்று ஆண்டு கற்பித்தபின், 1904 இல் விலங்கியற்றுறைத் தலைவர் வில்சனின் அழைப்பையேற்றுக் கொலம்பியாவுக்கு வந்தார். அங்கே ஸ்கேமர்ஹோர்ன் மண்டபத்தின் 613 ஆம் இலக்க அறை அவர் பணிக்கு ஒதுக்கப்பட்டது. அதன் அளவு 16 அடிக்கு 23 அடி. அச்சிற்றறையுள் எட்டு மேசைகள் நெருங்கிக் கிடந்தன. பேராய்வுக்குரிய கருவிகள் எவையும் அங்கிருக்கவில்லை. பாற்போத்தல்கள் வரிசையாய் அடுக்கப்பட்டிருந்தன. ஈக்களுக்கு உணவாகிய வாழைப்பழங்கள் ஒரு மூலையிலே தொங்கின. பழம் புளிக்கும் மணமும் ஈதரின் மணமும் கலந்து வீசும் அவ்வறையிலே, உயிர்நூலின் போக்கையே மாற்றிய ஆராய்ச்சி நிகழ்ந்ததென்பதைப் புதிதாய் நுழைந்தோர் நம்பியிரார்.

இவ்வறை தோன்றுமுன்னரே அப்பல்கலைக்கழகத்தில் மாணவன் ஒருவன் பெருஞ்செயல் செய்து சென்றிருந்தான். கன்சாஸ் மாநிலத்திலிருந்து 1901 இல் வில்சனிடம் வந்த வால்ற்றர் சற்றன் என்பவன், வெட்டுக்கிளியின் உயிரணுக்களை நுணுக்குக்காட்டியால் நோக்கி, மெண்டல் கூறிய பரம்பரைக் காரணிகள் நிறமூர்த்தங்களிலே தங்கியிருத்தல் வேண்டும் என 1902, 1903 ஆம் ஆண்டுகளில் இரு கட்டுரைகளால் எடுத்துரைத்தான். அதன்பின் கலாநிதிப் பட்டத்தைப் பெறாமலே விலகி, மருத்துவங் கற்றுச் சத்திரசிகிச்சை வைத்தியனாயினான். அவன் கருத்தை மோர்கன் ஏற்கவில்லை. மெண்டலின் கொள்கையையே அவர் ஐயக்கண்கொண்டு நோக்கினார். விலங்கு, தாவர வளர்ப்பாளரின் சபையொன்றிலே, எண்கள் பொருந்தாதபோதெல்லாம் காரணிகளின் தொகையைக் கூட்டிப் பொருத்திக் கொள்கின்றனர் என்ற கருத்துப்பட அவர் எள்ளி உரைத்தது 1909 இல் அச்சாயிற்று. அடுத்த ஆண்டிலேயே தம் கொள்கையை அவர் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. தலைவரின் கொள்கைக்கு மாறானது தோன்றும்போது அதனை மறைக்காமை ஆய்வுகூடத்தின் முதல் அறம் எனின், ஈ அறை அவ்வறத்திலே பிறந்தது என்க.

பழ ஈ கொலம்பியாவுக்கு யாரால் வந்தது என்பதில் அக்காலத்தாரின் நினைவுக் குறிப்புக்கள் ஒத்துச் செல்வதில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலே காசில் என்பவர் அதற்கு முன்னரே ஈக்களை வளர்த்துவந்தார். மோர்கனின் மாணவர் பெர்னாண்டஸ் பெயின் ஈக்களை இருளிலே அறுபத்தொன்பது தலைமுறை வளர்த்து, ஒளி காணாத விலங்கின் கண் குன்றிப்போகுமா என ஆராய்ந்தார். கண் குன்றவில்லை. பயனற்றதெனத் தோன்றும் இவ்வாராய்ச்சியால் ஒரு பயன் விளைந்தது. மலிவான உணவிலே பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு தலைமுறை நிறைவெய்தும் சிற்றுயிர் ஒன்று ஆய்வாளர் கைக்கு வந்துவிட்டது.

1910 இல் மோர்கனின் போத்தலொன்றிலே, சிவந்த கண்ணுடைய ஈக்களிடையே வெண்கண் ஆண் ஈ ஒன்று தோன்றியது. அதனைச் செங்கண் பெண் ஈக்களோடு சேர்த்தபோது பிறந்தவற்றுள் 1,237 ஈக்கள் செங்கண்ணுடையனவாயிருந்தன. மூன்று ஆண்கள் மட்டும் வெண்கண்ணுடன் தோன்றின. அச்செங்கண் மக்களைத் தம்முட் சேர்த்தபோது செங்கண் பெண்கள் 2,459, செங்கண் ஆண்கள் 1,011, வெண்கண் ஆண்கள் 782 பிறந்தன. வெண்கண் பெண் ஒன்றேனும் இல்லை. மேல்வகுப்பு விலங்கியல் மாணவர் இன்றும் தேர்வுக்கெனச் செய்து பழகும் கணக்கு இதுவேயாம். கண்ணின் நிறத்தைத் தீர்மானிக்கும் காரணி, ஆண் பெண் என்பதைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தத்தோடு சேர்ந்தே செல்கின்றது என்பது புலனாயிற்று. ஐயுற்றவரே சான்றைக் கண்டவராயினார். ஆயினும் ஒருவர் இருந்து எண்ணி முடிக்கும் வேலை அன்று இது. நாடோறும் ஆயிரக்கணக்கான ஈக்களை ஈதரால் மயக்கி, ஒவ்வொன்றாய்ப் புரட்டி நோக்கி, பிரித்து, எண்ணி, எழுதவேண்டும். மாணாக்கர் தேவைப்பட்டனர்.

மோர்கன் கொலம்பியாவில் இருந்த இருபத்துநான்கு ஆண்டுகளிலே, தொடக்க வகுப்பு விலங்கியலை அவர் கற்பித்தது ஒருமுறையே. அது 1909 இல் நிகழ்ந்தது. அவ்வகுப்பிலே அல்பிரெட் ஸ்ரேட்டவன்ற், கல்வின் பிரிட்ஜஸ் என்னும் இரு இளைஞர் இருந்தனர். அவ்வோராண்டு அப்பாடத்தை வேறொருவர் நடத்தியிருப்பின் யாது நிகழ்ந்திருக்கும் எனச் சிந்திப்பது வரலாற்றாசிரியர் வேலையன்று. எனினும் சிந்தியாதிருத்தலும் அரிது.

ஸ்ரேட்டவன்ற் 1891 இற் பிறந்து அலபாமா மாநிலத்துப் பண்ணையொன்றில் வளர்ந்தவர். அவருக்குப் பதினாறு வயது மூத்த தமையனார் எட்கர், பின்னாளில் இத்தைத்து மொழியாராய்ச்சியாற் புகழ்பெற்றவர், அக்காலத்திற் கொலம்பியாவைச் சார்ந்த பர்ணாட் கல்லூரியில் ஆசிரியராயிருந்தார். தம்பி 1908 இல் அவர் வீட்டிலே தங்கிப் பல்கலைக்கழகம் புகுந்தார். தந்தையாரின் குதிரைகளுக்கு வம்சாவழி எழுதிப் பழகியிருந்த அவ்விளைஞர், மெண்டல் கொள்கை பற்றிய நூலொன்றைப் படித்ததும், குதிரை மயிரின் நிறம் வழிவழி வருவதையும் அவ்வாறு விளக்கலாமெனக் கண்டு கட்டுரையொன்று எழுதினார். அதனை மோர்கனிடம் கொண்டுசெல்லுமாறு தூண்டியவர் தமையனாரே. மோர்கன் படித்தார், ஆராய்ச்சிச் சஞ்சிகையொன்றில் 1910 இல் வெளிவரச் செய்தார், அவ்வாண்டின் இலையுதிர்காலத்திலே ஈ அறையில் ஒரு மேசையையும் கொடுத்தார். இளம்பட்டமும் பெறாத மாணவனுக்கு ஆய்வுகூடத்திலே தனிமேசை! நுழைவுத் தேர்வு இல்லை. விண்ணப்பப் படிவம் இல்லை. தானே கண்டெழுதிய கட்டுரையே நுழைவுச்சீட்டாயிற்று. அறிவுடைய தமையன் ஒருவன் அருகிலிருந்ததும் அச்சீட்டின் ஒரு பகுதியே.

1911 இன் பிற்பகுதியிலே ஒருநாள் மோர்கனோடு உரையாடிக்கொண்டிருந்த ஸ்ரேட்டவன்றுக்கு எண்ணமொன்று உதித்தது. ஒரே நிறமூர்த்தத்திலுள்ள காரணிகள் பெரும்பாலும் சேர்ந்தே செல்கின்றன, சிலவேளை பிரிகின்றன. சில இணைகள் அரிதாகவும் சில அடிக்கடியும் பிரிவது எதனால்? ஒரு நூலிலே கோத்த மணிகளைக் கண்ணை மூடிக்கொண்டு எங்கேனும் வெட்டினால், அடுத்தடுத்துள்ள மணிகள் பிரிதல் அரிது. தொலைவிலுள்ளவை பிரிதல் எளிது. எனின், பிரியும் வீதமே தூரத்தின் அளவாகும். அன்றிரவு கல்லூரிப் பாடங்களைக் கிடப்பிற் போட்டுவிட்டு, அறையிற் சேர்ந்திருந்த எண்களை வீட்டுக்குக் கொண்டுசென்று கணக்கிட்டார். விடியுமுன் நிறமூர்த்தத்தின் முதற்படம் உருவாயிற்று. மஞ்சள் உடலுக்குரிய காரணி பூச்சியத்திலும், வெண்கண் காரணி 1.0 இலும், செந்தூரக் கண் காரணி 30.7 இலும், குறுஞ்சிறகுக் காரணி 33.7 இலும் நேர்கோட்டில் நின்றன. 1913 இல் இப்படம் அச்சாயிற்று. அவ்விரவிலே அவருக்கு வயது இருபதளவே.

ஒன்றை ஈண்டுக் கருத்தூன்றி நோக்குதல் தகும். அவ்விரவு பயன்பட்ட எண்கள் யாவும் அவ்விளைஞர் தாமே எண்ணியவை அல்ல. அறையிலே பலர் எண்ணி எழுதியவை அவை. எவர் எண்ணினாலும் எவரும் எடுத்தாளலாம் என்ற ஒழுங்கு அவ்வறையிலே நிலவியதனாற்றான் ஓரிரவிலே ஒரு படம் வரைய முடிந்தது. இவ்வொழுங்கின் மறுபுறம் பின்னர்க் காணப்படும்.

பிரிட்ஜஸ் புகுந்த வாயில் வேறு. 1889 இல் நியூயோர்க் மாநிலத்துச் சிற்றூரொன்றிற் பிறந்து, சிறு குழந்தையாயிருக்கும்போதே தாயையும் அடுத்துத் தந்தையையும் இழந்து, பாட்டியால் வளர்க்கப்பட்டவர் அவர். பள்ளிப்படிப்பை முடித்தபோது இருபது வயதாகிவிட்டது. கல்லூரிச் செலவுக்குப் பணமில்லாமையால் மோர்கனிடம் வேலை கேட்டார். போத்தல் கழுவும் வேலை கிடைத்தது. கழுவுவதற்கெனக் கையிலெடுத்த போத்தலொன்றின் தடித்த கண்ணாடியூடே, ஏனைய ஈக்களின் கண்ணினும் சற்றே ஒளிமிகுந்த செந்தூர நிறக் கண்ணுடைய ஈ ஒன்றை அவர் வெறுங்கண்ணாற் கண்டார். அறிந்தோர் கைவில்லை கொண்டு நோக்கியும் எளிதிற் பிரித்தறிய முடியாத வேறுபாடு அது. மேலே கூறிய படத்தில் 30.7 இல் நின்ற செந்தூரக் கண் இதுவே. போத்தல் கழுவியவருக்கு அறையிலே மேசையும் வேலையும் கிடைத்தன. படம் வரைந்த ஸ்ரேட்டவன்றோ சிவப்பும் பச்சையும் வேறுபடுத்தி அறியமாட்டாத நிறக்குருடர்! ஒருவர் கண்டார், ஒருவர் கணித்தார். இத்தகைய இருவரை ஓரறையிற் சேர்த்துவைத்தது மோர்கனின் திறமை என்பதா, நற்பேறு என்பதா? இரண்டும் என்பதே பொருத்தம்.

பிரிட்ஜஸின் புகழ் கண்கூர்மையோடு நின்றுவிடவில்லை. வெண்கண் தாய்க்கும் செங்கண் தந்தைக்கும் பிறப்பவற்றுள் ஆண்கள் வெண்கண்ணும் பெண்கள் செங்கண்ணும் உடையனவாதல் முறை. ஏறத்தாழ ஈராயிரத்துக்கு ஒன்று முறைமாறித் தோன்றியது. எண்ணிக்கையிலே பிழையென்று தள்ளிவிடக்கூடிய சிறுதொகை அது. பிறர் தள்ளியிருப்பர், பிரிட்ஜஸ் பற்றிக்கொண்டார். தாயின் இரு எக்ஸ் நிறமூர்த்தங்களும் சிலவேளை பிரியாமல் ஒரே முட்டையினுட் சென்றுவிடுதல் வேண்டும். எனின் முறைமாறிய வெண்கண் பெண்ணின் உடலணுவில் இரண்டு எக்சும் ஒரு வையும் காணப்படுதல் வேண்டும் என முன்னரே கூறினார். பின்னர் அவ்வீக்களின் அணுக்களை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து நோக்கினார். கூறியவாறே இருந்தது. சற்றன் ஊகித்ததும் மோர்கன் மறுத்ததுமாகிய கொள்கை இதனால் நிலைபெற்றது. 1916 இல் வெளிவரத் தொடங்கிய பிறப்புரிமையியற் சஞ்சிகையின் முதற்றொகுதியிலே முதற்பக்கத்தில் தொடங்குவது இவ்வாய்வேடு. அவ்வாண்டிலே அவர் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

ஈ அறையின் அன்றாட வாழ்வு எத்தகையது என்பதைச் சிறிது நோக்குதல் தகும். மோர்கன் பல்கலைக்கழகப் பணத்தைச் செலவிடுவதிலே கஞ்சர். தம் சொந்தப் பணத்தைச் செலவிடுவதிலே வள்ளல். நெடுங்காலம் கைவில்லையே அவருக்குப் போதுமாயிருந்தது. இருகண் நுணுக்குக்காட்டியையும் வெப்பநிலையைச் சீராக வைக்கும் பெட்டிகளையும் அறைக்குட் கொண்டுவந்தவர் பிரிட்ஜஸ். விரிவுரை அங்கே நிகழவில்லை. ஒருவர் ஈக்களை எண்ணிக்கொண்டே பேசுவார், மற்றவர் தம் மேசையிலிருந்து மறுப்பார், தலைவரும் மறுக்கப்படுவார். செர்மனியிலே பேராசிரியரின் கதவைத் தட்டவும் மாணவர் அஞ்சிய காலம் அது என்பதை நினைத்தல் வேண்டும். ஆளுக்கொரு பரிசோதனை இருந்தும், பிறர் செய்வதை ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர். புதிய பெறுபேறு எதுவாயினும் உடனே பொதுப்பேச்சுக்கு வந்தது. எக்கருத்தை எவர் முதலில் உரைத்தார் என்பதை எவரும் பெரிதுபடுத்தவில்லை என்றே ஸ்ரேட்டவன்ற் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

எவரும் என்றாரே, அஃது உண்மைதானா? இவ்வினாவுக்கு மாறான விடை கூறியவர் ஹேமன் முல்லர். 1890 இல் நியூயோர்க் நகரிற் பிறந்து, ஒன்பதாம் வயதிலே தந்தையை இழந்து, உதவிப்பணம் பெற்றுப் பதினாறு வயதிலே கொலம்பியாவிற் புகுந்தவர் அவர். மாணவர் உயிரியற் கழகம் ஒன்றை நிறுவியவரும் அவரே. ஸ்ரேட்டவன்றும் பிரிட்ஜஸும் அக்கழகத்துக்கு வந்தனர். வகுப்பாலும் வாசிப்பாலும் அவர்களுக்கு மூத்தவர். 1910 இல் இளம்பட்டம் பெற்றார். அறையிலே வெண்கண் ஈ தோன்றிய ஆண்டும் அதுவே. ஆயின் அவருக்கு அறையிலே இடம் கிடைக்கவில்லை. பிழைப்பின்பொருட்டு வேறு துறையாகிய உடற்றொழிலியலிலே உதவிப்பணம் பெற்றுப் படித்தார். இரவுப் பள்ளியிலே பிறநாட்டாருக்கு ஆங்கிலங் கற்பித்தார். ஓய்வுகிடைத்தபோதெல்லாம் ஈ அறைக்கு வந்து, பிறர் மேசையருகே நின்று பேசினார். 1912 இல் விலங்கியற்றுறையிலே துணைக்கற்பித்தல் வேலை கிடைத்த பின்னரே தம் சொந்த ஈக்களை வளர்க்க அவருக்கு இயன்றது. அதற்குள் முதற்படம் வரையப்பட்டுவிட்டது.

அவ்விரண்டு ஆண்டுகளை எடைபோட்டே முல்லரின் மனக்குறையை விளங்கிக்கொள்ளவேண்டும். மேசை உடையவன் ஒரு கருத்தைக் கேட்டவுடன் அடுத்த கிழமையே போத்தலில் அதனைச் சோதிக்கலாம். மேசையற்றவன் கருத்தைச் சொல்லிவிட்டு இரவுப் பள்ளிக்குப் போகவேண்டும். பரிசோதித்தவன் பெயர் கட்டுரையில் ஏறும். உரையாடலிலே சொன்னவன் பெயர் ஏறாது. ஏறினும் நன்றியுரையில் ஒரு வரி. தம் யோசனைகள் பல அவ்வறையிலே பிறர் ஆய்வாக உருப்பெற்றன எனவும், அவற்றுக்குரிய ஏற்புத் தமக்குக் கிடைக்கவில்லை எனவும் முல்லர் வாழ்நாள் முழுதும் எண்ணினார். ஒரு பிளவு அருகே மற்றொரு பிளவு நிகழ்வதைத் தடுக்கும் தன்மையை ஆராய்ந்து பெயரிட்டவர் அவர்; அதுபோன்றவற்றில் ஐயமில்லை. வாய்ப்பேச்சிலே எழுந்தவற்றுக்கோ சான்று கிடையாது.

இதிலே எவர் பக்கம் நியாயம்? திருடினான் ஒருவன், இழந்தான் ஒருவன் என்று கூற ஆதாரம் இல்லை. ஸ்ரேட்டவன்ற் கூறியதும் உண்மை, முல்லர் உணர்ந்ததும் உண்மை எனக் கொள்வதே தகும். எவர் கருத்து என்பதைப் பொருட்படுத்தாதிருத்தல், முதலிலே மேசை பெற்றவனுக்கு எளிது. இழப்பதற்கு ஒன்றுமில்லாதவன் பொதுவுடைமையை விரும்புவான் என்பர். ஆய்வுகூடத்திலே அது தலைகீழாய் நிற்கின்றது. அங்கே பொதுவுடைமை இனிப்பது உடையவனுக்கே. ஆயினும் போத்தல் கழுவ வந்த பிரிட்ஜஸ் வறுமையிலே முல்லருக்குக் குறைந்தவர் அல்லர். அவருக்கு அக்குறை தோன்றவில்லை. அறைக்குள்ளேயே கூலி கிடைத்தது என்பதே இருவர்க்குமிடையிலுள்ள வேறுபாடு. ஒருவன் வயிற்றுப்பாட்டுக்கு உழைக்கும் இடமும் அவன் ஆராயும் இடமும் ஒன்றாயிருப்பதும் வேறாயிருப்பதும், இயல்பான குணவேற்றுமையினும் பெரிய வேற்றுமையை உண்டாக்கிவிட்டன.

மோர்கனைக் குறைகூறுவோர் ஒன்றை மறத்தலாகாது. 1915 இல் மெண்டற் பரம்பரையின் பொறிமுறை பற்றிய பெருநூல் வெளிவந்தபோது, அட்டையிலே மோர்கன், ஸ்ரேட்டவன்ற், முல்லர், பிரிட்ஜஸ் என நான்கு பெயர்கள் நின்றன. பின்னிருவரும் அன்று கலாநிதிப் பட்டமும் பெறாத மாணவர். ஸ்ரேட்டவன்றுக்கு வயது இருபத்துமூன்று. தலைவர் தம் பெயரை மட்டும் இட்டு முன்னுரையிலே மாணாக்கருக்கு நன்றி கூறியிருப்பின் அக்காலத்தார் குறைகூறியிரார். அவ்வாண்டு முதல் வாஷிங்ரன் கார்ணகி நிறுவனத்தின் நிதியுதவியால் ஸ்ரேட்டவன்றுக்கும் பிரிட்ஜஸுக்கும் ஆராய்ச்சி உதவியாளர் சம்பளம் கிடைக்க வழி பிறந்தது. முல்லர் அவ்வாண்டிலேயே ரெக்சாஸ் மாநிலத்து றைஸ் நிறுவனத்திலே கற்பிக்கச் சென்றார். 1918 இற் கொலம்பியாவுக்கு மீண்டும், அங்கே நிலைபெறாது 1920 இல் ரெக்சாஸ் பல்கலைக்கழகம் சென்றார்.

வாயிலே திறவாதவர்களும் இருந்தனர். எடித் வாலஸ் என்னும் அம்மையார் ஈக்களின் உருவங்களை வரைந்தார். அவ்வறையின் நூல்களிலே காணப்படும் நுண்ணிய ஓவியங்கள் அவர் கைவண்ணம். மோர்கனின் மனைவியார் லிலியன், மணமாகுமுன்னரே விலங்கியலிலே முதுமாணிப் பட்டம் பெற்று ஆய்வுகள் வெளியிட்டவர். நான்கு பிள்ளைகளை வளர்த்தபின் ஆய்வுக்கு மீண்டு, இரு எக்ஸ் நிறமூர்த்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஈயைக் கண்டறிந்து 1922 இல் வெளியிட்டார். பிரிட்ஜஸின் கொள்கைக்கு அதனினும் சிறந்த துணைச்சான்று கிடைத்திலது. உலகெங்கும் ஈ வளர்ப்போருக்கு அவ்வினம் கருவியாயிற்று. அவருக்குப் பல்கலைக்கழகத்திலே பதவியில்லை, சம்பளமுமில்லை. முதன்முதலாக ஆய்வாளர் பதவி கிடைத்தது 1946 இல், கணவர் இறந்த மறு ஆண்டு, எழுபத்தைந்து வயது கடந்தபின். முல்லரின் மனக்குறை நூல்களிலே இடம்பெற்ற அளவுக்கு இவர் நிலை இடம்பெறவில்லை. அவர் வாய்திறந்து குறைகூறாதமையும் அதற்குக் காரணமாகலாம்.

1920 ஐ அடுத்த ஆண்டுகளிலே அறையின் புகழ் கடல் கடந்தது. லெனின்கிராட்டிலிருந்து உதவிப்பணம் பெற்று 1927 திசம்பரில் வந்துசேர்ந்த தொப்சான்ஸ்கி என்னும் இளைஞர், உலகப் புகழ்வாய்ந்த ஆய்வுகூடம் பளிங்குமாளிகை போன்றிருக்குமென எண்ணி வந்தார். அழுக்கும் கரப்பான்பூச்சியும் நிறைந்த சிற்றறையைக் கண்டு திடுக்கிட்டார். எண்ணிமுடித்த ஈக்களை மோர்கன் எண்ணும் தட்டின்மீதே நசுக்கிவிடும் வழக்கம் அவருக்கு வியப்பளித்தது. அடுத்த ஆண்டு மோர்கன் கலிபோர்ணியாத் தொழினுட்ப நிறுவனத்திற்கு அழைக்கப்பட்டார். ஸ்ரேட்டவன்றும் பிரிட்ஜஸும் அவரோடு சென்றனர், தொப்சான்ஸ்கியும் சென்றார். ஈ அறை மூடப்பட்டது.

முல்லர் ரெக்சாஸிலே தனித்திருந்து, எக்ஸ்கதிர் பாய்ச்சினால் ஈக்களிலே விகாரங்கள் பன்மடங்கு பெருகுதலை 1927 இல் நிறுவினார். அறையை விட்டு நீங்கியவர் அறையிலிருந்தோர் எவரும் செய்யாததைச் செய்தார். அவருக்கென ஒரு மேசையும், எவரும் பங்குகேட்க முடியாத ஒரு கண்டுபிடிப்பும் அங்கே வாய்த்தன.

1933 இல் மருத்துவத்துக்கான நோபெற் பரிசு மோர்கனுக்கு வழங்கப்பட்டது. பரிசுப் பணத்தைத் தம் பிள்ளைகளுக்கும் ஸ்ரேட்டவன்ற், பிரிட்ஜஸ் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் அவர் ஓசையின்றிப் பகிர்ந்தளித்தார். அப்பகிர்விலே முல்லர் பெயர் இல்லை. பதினெட்டு ஆண்டுக்கு முன் பிரிந்து சென்றவரை உட்படுத்தாமை இயல்பு எனலாம். நான்கு பெயர் தாங்கிய நூலட்டையை நினைப்போர்க்கு அது முழுவிடை ஆகாது. பிரிட்ஜஸ் 1938 இல் ஐம்பதாண்டு நிறையுமுன் இறந்தார்; பல்கலைக்கழகம் எதிலும் அவர் பேராசிரியராய் இருந்தாரல்லர். மோர்கன் 1945 திசம்பரில் இறந்தார். முல்லருக்கு நோபெற் பரிசு 1946 இல் கிடைத்தது. ஸ்ரேட்டவன்றுக்கு அப்பரிசு என்றும் கிடைக்கவில்லை. 1967 ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் தேசிய விஞ்ஞானப் பதக்கம் அவரை அடைந்தது. அதற்கு இரண்டாண்டு முன், 1965 இல், தம் துறையின் வரலாற்றை அவர் நூலாக எழுதினார். ஈ அறைக்கென அதிலே தனி அதிகாரம் ஒதுக்கி, கருத்துக்கள் எவருடையவை என்பதை அங்கு எவரும் கணக்கிடவில்லை என்ற தம் கூற்றை மாற்றமின்றி நிலைநிறுத்தினார். முல்லர் அப்பொழுது உயிரோடிருந்தார்.